மூணு வருச கிரியாட்டினினுக்கு ஆவரேஜ் போடலாமுங்களா?

பொள்ளாச்சிப் பக்கத்துல எம்.டி. படிக்கிற ஒரு அம்மிணி கேட்டிருக்காங்க. கிட்னி வியாதிக்காரங்க 140 பேரோட மூணு வருச கிரியாட்டினின் (கிட்னி சரியா வேலை செய்யலீன்னா ரத்தத்துல ஏறுற கழிவு) ரிப்போர்ட் எக்செல்ல இருக்குது, அடுத்த 1 வருசத்துல யாருக்கு டயாலிசிஸ் வரும்னு சொல்லணும், ஒவ்வொருத்தருக்கும் ஆவரேஜ் எடுத்து காக்ஸ் மாடல்ல (ஒரு சம்பவம் எவ்வளவு சீக்கிரம் வரும்னு பாக்குற கணக்கு) போட்டேன், பி-வேல்யூ (தற்செயலா இப்படி வர்ற வாய்ப்பு எவ்வளவுன்னு சொல்ற எண்ணு) சூப்பரா வருது ஆனா மனசு ஒப்பல, சரிதானுங்களான்னு.

சரியில்லீங்க அம்மிணி. நோயாளி முதல் வருசம் உங்க முன்னாடி உக்காந்திருக்கறப்ப மூணாவது வருச ரிப்போர்ட் உங்க கையில இருக்காதுல்லீங்க, எல்லாத்தையும் ஒட்டுக்கா கூட்டி வகுத்தா நாளைக்கு வரப்போறத வெச்சு இன்னைக்கு ஜோசியம் சொன்ன மாதிரி ஆயிரும், பி-வேல்யூ அழகா வர்றதுல பாதி அதனாலதான். இன்னொண்ணு பாருங்க, ரெண்டு பேருக்கும் இன்னைக்கு 2.4, ஒருத்தருக்கு ரெண்டு வருசமா அதே 2.4, இன்னொருத்தருக்கு ஆறு மாசம் முன்னாடி வெறும் 1.3. ஆவரேஜ் போட்டா ரெண்டாவது ஆளு பத்திரமா தெரிவாரு, ஆனா கிடுகிடுன்னு ஏறுறது அவருக்குத்தான்!

டைம் டிபெண்டன்ட் காக்ஸ் (ஒவ்வொரு விசிட்டுக்கும் புது அளவ மாத்திக்கிற காக்ஸ் மாடல்) போட்டர்லாமான்னு அடுத்து கேப்பீங்க. அது கடைசி ரிப்போர்ட்ட அடுத்த விசிட் வரைக்கும் அப்படியே நிக்குதுன்னு எடுத்துக்கும், லேப்ல வர்ற ஏத்த எறக்கத்தையும் நெசம்னு நம்பிரும், அதுபோக முன்னாடி நடக்கப்போறதச் சொல்லணும்னா இனி வரப்போற கிரியாட்டினினும் அதுக்குத் தெரியணும்.

உங்களுக்கு லேண்ட்மார்க் முறை போதுமுங்க, வான் ஹௌவெலிங்கன் 2007ல எழுதுனது. 365ஆம் நாள் ஒரு கோடு போடுங்க, அன்னிக்கு டயாலிசிஸ் இல்லாம ஃபாலோஅப்ல இருக்கறவங்கள மட்டும் எடுங்க, அந்த நாள் வரைக்கும் உள்ள ரிப்போர்ட்ல இருந்து கடைசி அளவு, ஏறுற வேகம் ரெண்டும் எடுத்து அதுக்கப்புறம் 1 வருசம் பாருங்க. இதையே 18, 24 மாசத்துலயும் செஞ்சு சேத்தர்லாம், ஒரே ஆளு திரும்பத் திரும்ப வர்றதால ரோபஸ்ட் ஸ்டாண்டர்ட் எரர் (அந்தத் திரும்ப வர்றதையும் கணக்குல எடுத்துக்கிற பிழை அளவு) போட்டுக்கோங்க.

ஜாயின்ட் மாடல் இதவிட நேர்த்தி, ஏறுற போக்கையும் டயாலிசிஸ் வர்றதையும் ஒரே கணக்குல கட்டிரும். ஆர்ங்கற புள்ளியியல் சாஃப்ட்வேர்ல ஜேஎம்பேயஸ்2ன்னு ஒரு பேக்கேஜ் இருக்குது, மாயோ கிளினிக்கோட பிபிசி (ஒரு கல்லீரல் வியாதி) டேட்டா 312 பேரு, பிலிருபின் (ரத்தத்துல இருக்குற மஞ்ச நிறமி) திரும்பத் திரும்ப எடுத்தது, அதுல கை பழகிக்கலாம். ஆனா டயாலிசிஸ் போனவங்க கொஞ்சப்பேருன்னா அது பக்கம் போகாதீங்க.

டயாலிசிஸுக்கு முன்னாடியே இறந்தவங்கள சும்மா சென்சார் பண்ணிராதீங்க (ஃபாலோஅப் பாதியில நின்னவங்க மாதிரி விட்டுராதீங்க), காம்பெடிங் ரிஸ்க்கா (டயாலிசிஸ் வர்றதுக்கே வழியில்லாமப் பண்ற வேற சம்பவமா) வெக்கலீன்னா ரிஸ்க் கூடுதலாக் காட்டும். அப்புறமுங்க, கால் வீங்குனவரு மாசாமாசம் வருவாரு, நல்லாருக்கறவரு தேங்கா வெட்டு முடிஞ்சாத்தான் ஆஸ்பத்திரி வாசல மிதிப்பாரு, அந்த வித்தியாசத்தையும் தீசிஸ்ல ஒரு வரி எழுதிருங்க.

மொதல்ல எக்செலத் தொறந்து 365ஆம் நாள் எத்தன பேரு மிச்சம், அடுத்த வருசத்துல அவங்கள்ல எத்தன பேரு டயாலிசிஸ் போனாங்கன்னு எண்ணிச் சொல்லுங்க, மாடல் எதுன்னு அப்புறம் பேசிக்கலாமுங்க.