ஒழுகல் தெரியாமல் குறையும் கூலன்ட்: பிக்கப் கேள்வி பதில்

பிக்கப்பில் இன்ஜினை ஆற்றும் திரவமான கூலன்ட் குறைகிறது, ஒழுகல் மட்டும் தெரியவில்லை என்றுதான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். இன்ஜின் ஆயில் போல ஓட ஓடச் செலவாகும் பொருள் இல்லை கூலன்ட். மூடிய பாதைக்குள் சுற்றி வருவது. குறைந்துகொண்டே போனால் எங்கோ வழி திறந்திருக்கிறது. அந்த வழியைத் தேடாமல் ஊற்றிக்கொண்டே இருப்பதும் தப்பு, தேடாமல் இன்ஜினைப் பிரிப்பதும் தப்பு.

கேள்வி: அண்ணா, மாதம் ஒரு லிட்டர் குறைகிறது. வண்டி நிற்கும் இடம் காய்ந்தே கிடக்கிறது. எங்கே தேட ஆரம்பிப்பது?

பதில்: இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள். ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பை மாட்டி, மூடியில் குறித்திருக்கும் அழுத்தம் வரை ஏற்ற வேண்டும். பெரும்பாலும் 13 முதல் 16 பிஎஸ்ஐ இருக்கும். அதைத் தாண்டாதீர்கள். 20 நிமிடத்தில் முள் இறங்கினால் ஒழுகல் உறுதி.

சூடான இன்ஜினில் சின்னக் கசிவு தரைக்கு வந்து சேராது. உலோகத்தின் மேலேயே ஆவியாகி, வெள்ளையாகவோ கூலன்ட் நிறத்திலோ பொருக்கு மட்டும் நிற்கும். டார்ச் அடித்து அந்தப் பொருக்கைத் தேடுங்கள். வாட்டர் பம்பின் அடியில் சின்ன ஓட்டை ஒன்று உண்டு, உள்ளே சீல் போனால் அது வழியாகத்தான் கசியும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியை அலுமினியத்தோடு மடித்து இறுக்கியிருக்கும் ஓரம் அடுத்த இடம். தெர்மோஸ்டாட் மூடி, ஹோஸ் கிளிப்புகள், இன்ஜினுக்குப் பின்னால் ஹீட்டருக்குப் போகும் ஹோஸ்கள் எல்லாவற்றையும் பாருங்கள். வண்டிக்கு அடியில் காப்புத் தகடு இருந்தால் கழற்றிவிடுங்கள். சொட்டுவது அதன் மேல் தேங்கி அங்கேயே காய்ந்துவிடும், தரை எப்படி நனையும்?

சில ஒழுகல் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் வரும். ரப்பரும் உலோகமும் சுருங்கி கிளிப் பிடி தளர்ந்திருக்கும், சூடானதும் தானே அடைத்துக்கொள்ளும். அதனால் 20 நிமிடத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் ராத்திரி முழுக்க அழுத்தத்திலேயே விட்டு, காலையில் பாருங்கள்.

கேள்வி: மூடி மாற்றினாலே சரியாகிவிடும் என்கிறார்களே?

பதில்: சில சமயம் ஆகும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சாதாரண அழுத்தத்தில் சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். 15 பிஎஸ்ஐ பிடிக்கும் மூடி போட்டால் அது 130 டிகிரியை நெருங்கும். ஸ்பிரிங் தளர்ந்த மூடி அந்த அழுத்தத்தைப் பிடிக்காது, கூலன்ட் பொங்கி வெளியே போகும். அதே பம்பில் மூடியையும் சோதிக்கலாம்.

கேள்வி: ஹீட்டர் போட்டால் கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் படிகிறது. இனிப்பு வாடையும் வருகிறது.

பதில்: ஹீட்டர் கோர், அதாவது ஹீட்டருக்காக டாஷ்போர்டுக்குள் கூலன்ட் ஓடும் சின்ன ரேடியேட்டர் கசிகிறது. டாஷ்போர்டுக்கு அடியில் கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். அங்கே இருக்கும் ஈரம் ஏசியிலிருந்து வந்ததானால் வெறும் தண்ணீர், விரலில் வழுக்காது. கூலன்ட் வழுக்கும். கோரை மாற்றுவதுதான் வழி.

கேள்வி: சார், என்னுடையது டீசல். பிரஷர் டெஸ்டில் வெளியே எதுவும் இல்லை. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, பிரிக்கலாம் என்கிறார் மெக்கானிக்.

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜின் பிளாக்குக்கும் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு. காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், கூலன்ட் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறதா? அப்படியானால் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகுகிறது. கூலன்ட்டின் மேல் நிற்கும் காற்றை நீலத் திரவம் வழியாக இழுத்துப் பார்க்கும் ரசாயனச் சோதனையும் உண்டு. அப்படிப் புகுந்திருந்தால் அந்தத் திரவம் பெட்ரோல் வண்டிக்கு மஞ்சளாகும், டீசலுக்குப் பச்சைப் பக்கம் திரும்பும்.

ஆனால் டீசலில் ஈஜிஆர் கூலர் என்று ஒன்று இருக்கிறது. சைலென்சருக்குப் போக வேண்டிய புகையில் ஒரு பங்கைக் கூலன்ட்டால் ஆற்றி மறுபடி இன்ஜினுக்கே அனுப்புவது. அது உள்ளே விரிசல் விட்டால் கூலன்ட் புகைப்பாதைக்குள் இறங்கி, வெள்ளைப் புகையாகவே போய்விடும். தரையில் சொட்டு இருக்காது. புகையும் கூலன்ட்டுக்குள் புகலாம் என்பதால் ரசாயனச் சோதனையிலும் மாட்டும். அதாவது ஹெட் கேஸ்கெட் காட்டும் அடையாளங்களை இதுவும் காட்டும்! அந்தப் புகைப்பாதையைத் திறந்து மூடும் ஈஜிஆர் வால்வைக் கழற்றிக் கரி ஈரமாக இருக்கிறதா பாருங்கள். கூலரைத் தனியாகக் கழற்றி அழுத்தம் ஏற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். ஹெட்டில் கை வைப்பது அதற்குப் பிறகுதான்.

அதுவும் நல்லபடியாக இருந்தால், இரவு முழுக்க அழுத்தத்தில் வைத்துவிட்டு, சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கைக் கழற்றி அதன் துளை வழியாக சின்னக் கேமராவை இறக்கி பிஸ்டன் தலைகளைப் பாருங்கள். ஒன்று மட்டும் நனைந்தோ கழுவியது போலவோ இருந்தால் அந்த சிலிண்டர்தான். பார்க்காமல் ஸ்டார்ட் மட்டும் அடிக்காதீர்கள். சிலிண்டரில் கூலன்ட் தேங்கியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

கேள்வி: ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருக்கிறது. அவ்வளவுதானா?

பதில்: பயப்பட வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் நீராவி படிந்தும் அப்படி வரும். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயிலே பால் நிறத்தில் இருந்தாலோ அளவு ஏறிக்கொண்டே போனாலோ வண்டியை எடுக்காதீர்கள், பேரிங் தேய்ந்துவிடும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியானால் கியர் ஆயிலையும் பாருங்கள். அதன் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருந்தால் இரண்டும் கலக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி: மீட்டர் முள் நடுவில்தான் நிற்கிறது. ஒழுகலைக் கண்டுபிடிக்கும் வரை ஓட்டலாம்தானே?

பதில்: முள்ளை நம்பாதீர்கள். கூலன்ட் மிகவும் இறங்கிவிட்டால் சென்சார் நனையாமல் வெறும் காற்றில் நிற்கும். இன்ஜின் காய்ந்துகொண்டிருக்க, முள் நல்லபடியே காட்டும்.

கேள்வி: ஒழுகல் அடைக்கும் பவுடர் போடலாமா?

பதில்: நான் போட மாட்டேன். ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும்.

கேள்வி: வாட்டர் பம்ப் மாற்றிய பிறகும் இரண்டு நாளில் குறைந்துவிட்டது. வேலை சரியில்லையா?

பதில்: உள்ளே காற்று அடைபட்டிருந்திருக்கும். முன்பக்கம் மேடாக நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றிக் காற்றை வெளியேற்றுங்கள். காற்றை வெளியே விடும் திருகு இருந்தால் திறந்துவிடுங்கள். அப்புறம் டேங்கில் குளிர்ந்த நிலை மட்டத்தில் ஒரு டேப் ஒட்டி, காலையில் மட்டும் பாருங்கள். ஓரிரு முறை இறங்கி நின்றுவிட்டால் காற்றுதான். நிற்காமல் இறங்கினால் மறுபடி பிரஷர் டெஸ்ட். ஊற்றும்போது நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறத்துக்குப் பொது விதி கிடையாது. வண்டிக் கையேட்டில் சொன்ன வகையை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது. வடித்த கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் விடாதீர்கள், இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும். கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து.