அடால்ஃப் ஆண்டர்சன் செஸ் உலக சாம்பியனாக இருந்தாரா?

இல்லை. அவர் காலத்தில் அப்படி அதிகாரப்பூர்வப் பட்டமே கிடையாது. அது 1886-இல்தான் வந்தது. ஆனால் 1851 லண்டன் போட்டியை வென்றபின் உலகின் முதல்நிலை வீரராக அவரைத்தான் பலரும் பார்த்தார்கள். அதுவே உலகின் முதல் சர்வதேச செஸ் போட்டி. அதை ஏற்பாடு செய்த ஆங்கிலேய வீரர் ஸ்டான்டனையே வழியில் தோற்கடித்தார்!

1818-இல் பிரெஸ்லாவ் நகரில் பிறந்தவர் (இன்று போலந்தின் விரோத்ஸ்வாஃப்). தொழில் கணித ஆசிரியர். செஸ் எல்லாம் விடுமுறையில்தான்.

அவர் பெயர் இன்றும் நிலைப்பதற்குக் காரணம் அதே 1851-இல் லண்டனில் கீசெரிட்ஸ்கி என்ற வீரருடன் சும்மா பொழுதுபோக்காக ஆடிய ஓர் ஆட்டம். ராணி, இரண்டு யானைகள், ஒரு பிஷப் என எல்லாவற்றையும் பலிகொடுத்துவிட்டு, மிச்சமிருந்த பிஷப்பையும் இரண்டு குதிரைகளையும் வைத்து 23-ஆவது நகர்த்தலில் மேட் செய்தார். எதிராளி கிட்டத்தட்ட எல்லாக் காய்களோடும் உட்கார்ந்திருந்தார். எனக்கு அதைவிட 1852-இல் டுஃப்ரேன் என்ற வீரருடன் ஆடியது இன்னும் பிடிக்கும்.

1858-இல் பாரிஸில் அமெரிக்க வீரர் மார்ஃபியிடம் 2-7 (2 வெற்றி, 7 தோல்வி) என்று நன்றாகவே அடிவாங்கினார். 1866-இல், பின்னாளில் முதல் அதிகாரப்பூர்வ உலக சாம்பியனான ஸ்டைனிட்ஸிடம் 6-8. சரி, முடிந்துவிட்டார் என்று நினைத்தால், 1870 பாடன்-பாடன் போட்டியில் அதே ஸ்டைனிட்ஸைப் பின்னுக்குத் தள்ளி முதலிடம் பிடித்தார். அப்போது வயது 52. 1879-இல் பிரெஸ்லாவிலேயே இறந்தார்.