கேள்வி பதில்: 1.5-ஐ 2 ஆக்கினால் என்ன தப்பு?

கேள்வி: இரும்பு ஆக்சைடு ஒன்றில் இரும்பு 69.94%, ஆக்சிஜன் 30.06%, எளிய விகித வாய்ப்பாடு (அணுக்கள் எந்தச் சிறிய முழு எண் விகிதத்தில் சேர்ந்திருக்கின்றன என்பது) காண்க என்று ஒரு கணக்கு. கடைசியில் 1-க்கு 1.5 என்று வந்தது. அதை 2 என்று முழுமையாக்கி, ஓர் இரும்புக்கு இரண்டு ஆக்சிஜன் என்று எழுதினேன். தப்பு என்கிறார் மிஸ். பாதியோ அதற்கு மேலோ இருந்தால் மேலே தள்ளலாம் என்றுதானே கணக்கு வகுப்பில் சொன்னார்கள்?
- பிளஸ் ஒன் மாணவி, விருதுநகர்

பதில்: மிஸ் சொன்னது சரி. கணக்கு வகுப்பில் சொன்னதும் சரிதான், ஆனால் அதை இங்கே கொண்டுவரக் கூடாது. 100 கிராம் எடுத்துக்கொண்டால் இரும்பு 69.94 கிராம், அதை அணு நிறை 55.85-ஆல் வகுத்தால் 1.252 மோல் (அணுக்களை எண்ணும் அலகு), ஆக்சிஜன் 30.06-ஐ 16-ஆல் வகுத்தால் 1.879 மோல், இரண்டையும் சின்ன எண்ணால் வகுத்தால் 1-க்கு 1.5. இதுவரை உங்கள் கணக்கில் ஒரு குறையும் இல்லை. அந்த 1.5 அளவெடுக்கும்போது வந்த பிசிறு அல்ல, விடையே அதுதான். அரை அணு என்று ஒன்று கிடையாதே, அதனால் இரண்டு எண்ணையும் 2-ஆல் பெருக்குங்கள்: இரும்பு 2, ஆக்சிஜன் 3. ஹேமடைட் தாது இதுதான்.

சந்தேகம் இருந்தால் விடையிலிருந்து பின்னால் போய்ப் பாருங்கள். நீங்கள் எழுதியபடி என்றால் மொத்த நிறை 87.85, அதில் இரும்பு 63.6%தான் வரும். கேள்வியிலோ 69.94. எங்கேயோ உதைக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

1.98, 2.02 மாதிரி வந்தால் தாராளமாக 2 என்று போடலாம். .5, .33, .25 என்று முடிந்தால் முறையே 2, 3, 4-ஆல் பெருக்க வேண்டும். இன்னொரு இரும்புத் தாதுவான மேக்னடைட்டில் இரும்பு 72.36%, ஆக்சிஜன் 27.64%, போட்டுப் பார்த்தால் 1-க்கு 1.33, அதாவது 3-க்கு 4. ஹேமடைட்டுக்கும் இதற்கும் இரும்பில் இரண்டரை சதவீதம்கூட வித்தியாசம் இல்லை, பார்த்தீர்களா! அதனால் நடுவிலேயே 1.252-ஐ 1.3 என்று நறுக்காதீர்கள், கை அரித்தாலும் கடைசிவரை பொறுத்திருங்கள்.

கேள்வி: குளுக்கோஸ், வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம், இரண்டிலும் கார்பன் 40%, ஹைட்ரஜன் 6.7%, ஆக்சிஜன் 53.3% என்று போட்டிருக்கிறது. அச்சுப்பிழையா?
- வாசகர், சேலம்

பதில்: இல்லை. தயிரில் இருக்கிற லாக்டிக் அமிலத்தையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் எளிய விகிதம் கார்பன் 1, ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 1. அதன் நிறை 30. சதவீதம் விகிதத்தோடு நின்றுவிடும், மூலக்கூறு எவ்வளவு பெரிது என்று சொல்லாது. அதற்கு மூலக்கூறு நிறை தனியாகத் தெரிய வேண்டும், இன்றைக்கு நிறை நிறமாலைமானி என்ற, மூலக்கூறின் நிறையை அளக்கும் கருவியில் பார்த்துவிடுகிறார்கள். அசிட்டிக் அமிலம் 60, லாக்டிக் 90, குளுக்கோஸ் 180. 30-ஆல் வகுத்தால் 2, 3, 6 மடங்கு. ஆக குளுக்கோஸுக்கு கார்பன் 6, ஹைட்ரஜன் 12, ஆக்சிஜன் 6. பழச்சர்க்கரையான ஃப்ரக்டோஸுக்கும் அச்சு அசலாக இதே வாய்ப்பாடுதான்; அந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல அணுக்கள் எப்படிக் கோத்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும், அது வேறு கதை.

கேள்வி: சரி, இந்தச் சதவீதத்தை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?
- அதே வாசகர்

பதில்: குளுக்கோஸ் மாதிரி கார்பன் பொருள் என்றால் எரித்துத்தான். 1831-இல் ஜெர்மனியின் வேதியியலாளர் லீபிக் இதற்கென்றே ஐந்து குமிழ் உள்ள கண்ணாடிக் கருவி ஒன்றைச் செய்தார். எரியும்போது வரும் நீராவியைக் கால்சியம் குளோரைடும், கார்பன் டை ஆக்சைடைக் குமிழிலுள்ள பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசலும் பிடித்துக்கொள்ளும். முன்னும் பின்னும் எடை போட வேண்டியதுதான். 1.80 கிராம் குளுக்கோஸை எரித்தால் கார்பன் டை ஆக்சைடு 2.64 கிராம், தண்ணீர் 1.08 கிராம். முதலாவதில் 44-இல் 12 பங்கு கார்பன், அதாவது 0.72 கிராம், தண்ணீரில் 18-இல் 2 பங்கு ஹைட்ரஜன், 0.12 கிராம். மீதி 0.96 கிராமை ஆக்சிஜன் கணக்கில் எழுதிவிடுவார்கள். மற்ற இரண்டிலும் நேர்ந்த பிழையெல்லாம் அதன் தலையில்தான் விழும், அதனால்தான் பொருளை நன்றாக உலர்த்திவிட்டு எடை போடச் சொல்கிறார்கள்.