அக்கா குடும்பத்துக்கும் நானே டிக்கெட் போடலாமா?

கேள்வி: சென்னையில் தனியார் வேலை, மாதம் கைக்கு வருவது 58,000 ரூபாய். போன வருடம் மே மாதம் நான், மனைவி, மகள், அப்பா, அம்மா, அக்கா, மாமா, அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேர் என்று ஒன்பது பேர் டெல்லி, ஆக்ரா போய் வந்தோம். 1,64,000 ரூபாய் ஆனது, எல்லாம் என் கிரெடிட் கார்டில். அக்கா பங்கு 66,000 வரும், மாமா 20,000 கொடுத்தார், மீதியைக் கேட்க ஒரு மாதிரி இருக்கிறது. 90,000-ஐ 15 சதவீதத்தில் 24 மாத இஎம்ஐயாக மாற்றினேன், இன்னும் 8 மாதம் பாக்கி. இந்த டிசம்பரில் காசி போகலாம் என்கிறார்கள், அதே ஒன்பது பேர். இப்போது பயணம், அப்புறம் பணம் என்று ஒரு ஆப்பில் 1,20,000 ரூபாய் 16 சதவீதத்தில் இரண்டு வருடத்துக்குத் தருகிறார்கள், மாதம் 5,900 கட்டினால் போதும். குழந்தையோடு இரண்டு ராத்திரி ரயில் என்பதால் எல்லோருக்கும் ஏசி டூ டயர், அதனால்தான் செலவு எகிறுகிறது. மகளுக்கு நவம்பரில் ஐந்து முடிகிறது, நான்கு என்றே போட்டுவிடலாமா? கடன் எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். அதை விட முக்கியம், குழந்தை மேல் பழி போடாதீர்கள். போன வருடம் அவளுக்கு ரயிலில் டிக்கெட்டே கிடையாது, ஐந்து வயதுக்குக் கீழே தனி பெர்த் கேட்காவிட்டால் இலவசம். தாஜ்மகாலிலும் 15 வயதுக்குக் கீழே நுழைவுக் கட்டணம் இல்லை. ஒன்பது பேரில் உங்களுக்கு ஏறக்குறைய செலவே வைக்காத ஒரே ஆள் அவள்தான். த்ரீ டயரை விட டூ டயர் சுமாராக ஒன்றரை மடங்கு. குழந்தைக்காக என்று சொல்லிக்கொண்டு மாமாவும் அவர் பிள்ளைகளும் அதில் படுத்து வந்திருக்கிறார்கள்.

உங்களுக்கு நஷ்டம் வரும் இடம் காலை எட்டு மணி. முன்பதிவு 60 நாளுக்கு முன் எட்டு மணிக்குத் திறக்கிறது (2024 நவம்பருக்கு முன்பு 120 நாள்), ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான் என்பதால் நீங்களே இரண்டு டிக்கெட்டாகப் போட்டு உங்கள் கார்டைத் தேய்த்துவிடுகிறீர்கள். கார்டில் வட்டியில்லாத அவகாசம் பெரும்பாலும் ஐம்பது நாளோடு முடிந்துவிடும். அதாவது ரயில் ஏறுவதற்கு முன்பே பில் கட்ட வேண்டும், மாமாவோ ஊருக்குப் போய்விட்டு வந்து கணக்குப் பார்க்கலாம் என்பார். வந்த பிறகு யார் கணக்குப் பார்த்தார்கள்? அந்த இடைவெளியை நிரப்பத்தான் இஎம்ஐ.

அந்த இஎம்ஐயைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 90,000-க்கு மாதம் சுமார் 4,360, இரண்டு வருடத்தில் வட்டி மட்டும் 14,700 போல, வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 2,600 சொச்சம், ஆக 17,300. அந்த 90,000-ல் அக்கா வீட்டிலிருந்து வராத பணம் 46,000, பாதிக்கும் மேல். அசலையும் கொடுத்து, அதற்கு 8,800 ரூபாய் வட்டியையும் நீங்களே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதன் தலையில் புதுக் கடன். 1,20,000-க்கு வட்டி 21,000, பரிசீலனைக் கட்டணம் 2 சதவீதம் என்று வைத்தால் வரியோடு இன்னொரு 2,800. மாதத்துக்கு இரண்டு இஎம்ஐயும் சேர்ந்து 10,200, சம்பளத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல், அதுவும் முடிந்துபோன பயணங்களுக்கு. அதே ஆப் நாளைக்கு வட்டியே இல்லாத இஎம்ஐ என்று வந்தாலும் மயங்காதீர்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது, வட்டி விலைக்குள் எங்கேயாவது ஒளிந்திருக்கும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் டிக்கெட் பணத்திலாவது பிடித்தம் போக ஏதோ திரும்பி வரும், கடன் அப்படியே நிற்கும்.

சரி, என்ன செய்வது? இந்த டிசம்பரில் காசி வேண்டாம். காசிக்குப் போகிறவர்கள் முதலில் ராமேஸ்வரம் போய் மணல் எடுத்துக்கொண்டு போவதுதானே முறை, அப்பா அம்மாவிடம் அதைச் சொன்னால் மறுக்க மாட்டார்கள். சென்னையிலிருந்து ஒரே ராத்திரி, ஐந்தே பேர், த்ரீ டயர், இந்தத் தீபாவளி போனஸ் எவ்வளவு வந்தாலும் அதற்குள் முடிகிற பயணம். காலையில் 2025-ல் திறந்த புதுப் பாம்பன் பாலத்தில் ரயில் மெதுவாகப் போகும்போது மகளை ஜன்னலோரம் உட்கார வையுங்கள்.

காசி அடுத்த வருடம். மே மாதத்தோடு பழைய இஎம்ஐ முடிகிறது. ஜூன் முதல் அக்டோபர் வரை அதே 4,360-ஐ ஆர்.டி.யில் போட்டால் 21,800. அடுத்த தீபாவளி போனஸ் ஒரு 40,000 என்று வைத்தால் 62,000 ஆச்சு. காசிக்கு நீங்கள் போட்ட 1,20,000-ல் உங்கள் ஐந்து பேர் பங்கு சுமார் 67,000, டூ டயரை த்ரீ டயராக மாற்றினாலே இடித்த இடம் சரியாகிவிடும். மூத்த குடிமக்கள் சலுகையை மனதில் வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் அடித்துவிடுங்கள், 2020 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள்.

வயதில் பொய் வேண்டாம். ஐந்து முடிந்தால் பெர்த் இல்லாமல் அரை டிக்கெட், பெர்த்தோடு முழு டிக்கெட். காசிக்கு முழு டிக்கெட்டே எடுங்கள், நான் செலவு செய்யச் சொல்கிற ஒரே இடம் இதுதான். என் மகனுக்கு ஐந்தரை வயதில் அந்தப் பாதியை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று கீழ் பெர்த்தில் என் மனைவியோடு ஒண்டிக்கொள்ள வைத்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு அவன் உதைத்ததில் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்து போர்வை நனைந்தது, அவள் விடியும் வரை ஓரத்தில் உட்கார்ந்தே வந்தாள், இறங்கிய அன்று ஊர் சுற்றவில்லை, லாட்ஜில் படுத்துத் தூங்கினோம். அறை வாடகை மட்டும் ஓடியது.

அக்காவும் வரட்டும், யார் வேண்டாம் என்றது? முன்பதிவு திறக்கிற அன்று போனில் பேசிக்கொண்டே அவர்கள் டிக்கெட்டை அவர்கள் கணக்கிலிருந்து அவர்களே போடட்டும். காசு கேட்கிற சங்கடமே வராது. பெட்டி மாறிப்போனால் என்ன, உள்ளேயே நடந்து போய்ச் சாப்பாட்டை ஒன்றாகச் சாப்பிடுங்கள். அப்புறம் அந்த 46,000. மாமாவிடம் வேண்டாம், அக்காவுக்கு இஎம்ஐ ஸ்டேட்மென்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, இதில் பாதி உங்களுடையது, மாதம் இரண்டாயிரம் போட்டால்கூடப் போதும் என்று இரண்டே வரி எழுதுங்கள். வந்தால் காசி நிதியில் சேருங்கள். வராவிட்டால் அக்காவுக்குச் சீர் செய்ததாக நினைத்து விட்டுவிடுங்கள், ஆனால் எட்டு மணிக்கு உங்கள் கார்டை வெளியே எடுக்காதீர்கள்.