பழைய கணினிக்கு எந்த ஹார்ட் டிஸ்க், என்ன விலை? கேள்வி பதில்

ஜெலுத்தோங்கிலிருந்து: ஐயா, பினாங்கு லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் சீகேட் எஸ்டி-225 ஹார்ட் டிஸ்க் ஒன்று பார்த்தேன். 20 மெகாபைட். விற்பவர் 180 வெள்ளி (ரிங்கிட்) சொல்கிறார். வாங்கலாமா?

கண்ட்ரோலர் அட்டையும் சேர்ந்து வருகிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் 180 மிக அதிகம். எம்எஃப்எம் என்ற முறையில் பதியும் அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்கில் தட்டும் தலையும் மோட்டாரும் அவற்றை ஓட்டும் சுற்றுப்பலகையும்தான் உண்டு. காந்தத் துடிப்பைப் பிரித்துப் படித்துத் தகவலாக்கும் வேலை கணினிக்குள் செருகிய அட்டையில் நடக்கிறது. வட்டத் தடத்தில் செக்டார் என்ற சிறு துண்டுகளுக்குத் தலைப்பு எழுத ஒவ்வொரு அட்டைக்கும் அதனதன் வழக்கம் இருந்தது. ஓர் அட்டையில் எழுதியதை வேறு வகை அட்டை பெரும்பாலும் படிக்காது. வீடு காலி செய்பவர்கள் தட்டை (முழு ஹார்ட் டிஸ்க்கைத்தான் இனி அப்படிச் சொல்கிறேன்) ஒருவருக்கும் அட்டையை இன்னொருவருக்கும் விற்கிறார்கள். யாரோ பத்து வருடம் எழுதிய கடிதங்களும் கணக்குகளும் அத்தோடு தொலைகின்றன. தயவுசெய்து தட்டையும் அட்டையையும் பிரிக்காதீர்கள். 34 முனைக் கேபிளையும் 20 முனைக் கேபிளையும் சேர்த்தே கேளுங்கள்.

பிறகு மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். பழுதான தடங்களின் பட்டியல் அதில் அச்சாகியிருக்கும். அது கிழிந்திருந்தால் விலையைக் குறையுங்கள். மின்சாரம் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள்: தட்டு சுழன்று, வேகம் பிடித்து, ஒரே சீராக ஓட வேண்டும். நீண்ட நாள் கிடந்தவற்றில் தலை தட்டோடு ஒட்டிக்கொண்டு சுழலவே மறுப்பதுண்டு. சோதிக்காத தனித் தட்டுக்கு நான் 50 ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்கமாட்டேன். அட்டையும் கேபிள்களும் இருந்து, கண்முன் ஓடியும் காட்டினால் 180 கொடுப்பேன்.

செந்தூலிலிருந்து: மெகாபைட்டுக்கு இத்தனை ரிங்கிட் என்று ஒரு கணக்கு சொல்லுங்களேன்.

அந்தக் கணக்கு அந்தக் காலத்துக்குப் பொருந்தியது. 1980-ல் சீகேட்டின் எஸ்டி-506 வந்தபோது 5 மெகாபைட்டுக்கு ஏறத்தாழ 1500 அமெரிக்க டாலர். மெகாபைட்டுக்கு 300 டாலர். இன்று கொள்ளளவுக்காக யாரும் இவற்றை வாங்குவதில்லை. 1983-ல் வந்த ஐபிஎம் எக்ஸ்டி கணினியில் இருந்த 10 மெகாபைட் எஸ்டி-412 நன்றாக ஓடினால், 40 மெகாபைட் தட்டைவிட அதற்கு அதிகம் கொடுக்கலாம். நிலை, அட்டை, எவ்வளவு அரிது என்பது, இந்த வரிசையில் பாருங்கள். கொள்ளளவு கடைசி.

பட்டர்வொர்த்திலிருந்து: எஸ்டி-225-ஐ, நெருக்கிப் பதியும் ஆர்எல்எல் முறை அட்டையில் பொருத்தினால் 30 மெகாபைட் கிடைக்கும் என்கிறார்கள். செய்யலாமா?

கிடைக்கும். 615 சிலிண்டர் (தலைகள் போய் நிற்கும் இடங்கள்), 4 தலை. எம்எஃப்எம்மில் தடத்துக்கு 17 செக்டார், ஆர்எல்எல்லில் 26. அதே தட்டில் பாதிக்குப் பாதி கூடுதல் இடம். ஆனால் தகவல் வேகமும் நொடிக்கு 50 லட்சம் பிட்டிலிருந்து 75 லட்சமாக உயர்கிறது. துடிப்பு எப்போது வருகிறது என்பதை அட்டை இன்னும் நுட்பமாக அளந்தாக வேண்டும். அதற்கென்று சான்றளித்து விற்றதுதான் எஸ்டி-238ஆர். 225-ல் செய்யாதீர்கள்.

காஜாங்கிலிருந்து: நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், அண்ணே. என்னுடைய 225 ஆர்எல்எல்லில் பல மாதங்களாகப் பிழையில்லாமல் ஓடுகிறது.

ஓடும் தட்டுகள் உண்டு, தம்பி, மறுக்கவில்லை. எப்போது சோதித்தீர்கள் என்பதுதான் என் கேள்வி. இந்தத் தட்டில் தலையை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். தடம் எங்கே இருக்கிறது என்று அது பார்த்துத் திருத்திக்கொள்வதில்லை. இத்தனை படி நகர்ந்தால் இந்தத் தடம் என்று நம்பிப் போய் நிற்கிறது. சூடேறினால் உலோகம் விரிகிறது, தலை சற்றே விலகி நிற்கிறது. குளிரூட்டிய அறையில் ஃபார்மேட் செய்துவிட்டு, மதியம் மூன்று மணிக்கு விசிறி மட்டும் உள்ள அறையில் படிக்கச் சொன்னால் எம்எஃப்எம்மே தடுமாறும். காலையில் குளிர்ந்த நிலையில் ஒரு முறை, மூன்று மணி நேரம் ஓடிய பின் ஒரு முறை, முழுத் தட்டையும் படித்துப் பாருங்கள். இரண்டிலும் பிழை இல்லை என்றால் உங்கள் தட்டு நல்ல தட்டு. எல்லாத் தட்டும் அப்படி என்று அதை வைத்துச் சொல்லாதீர்கள்.

மீண்டும் பட்டர்வொர்த்: உள்ளே இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றால், 238ஆர்-க்கு ஏன் கூடுதல் விலை?

அந்த வேகத்தில் தாங்கும் என்று உற்பத்தியாளர் பொறுப்பேற்றிருக்கிறார். அதற்குத்தான் கூடுதல் பணம். விற்பவர் 225-ஐ ‘30 மெகாபைட்’ என்று காட்டினால் 20 மெகாபைட் விலைதான் கொடுக்க வேண்டும். எந்த முறையாக இருந்தாலும் தட்டைக் கணினியில் இறுதியாகப் பொருத்தி, அரை மணி நேரம் ஓடவிட்டு, அதன் பிறகே ஃபார்மேட் செய்யுங்கள்.

கிள்ளானிலிருந்து: எஸ்டி-251 கிடைத்தது, அட்டை இல்லை. 120 வெள்ளி சரியா?

முதல் பதிலைப் படியுங்கள்.

பாயான் லெப்பாஸிலிருந்து: என் அம்மா இங்கே ஒரு ஹார்ட் டிஸ்க் ஆலையில் வேலை செய்தவர். ‘மலேசியாவில் தயாரிக்கப்பட்டது’ என்று இருந்தால் விலை கூடுமா?

சந்தையில் விலை ஏறாது. எஸ்டி-225-களில் சிங்கப்பூர் என்று அச்சிட்டவையே நிறைய. சீகேட் பினாங்கில் ஆலை வைத்திருந்தது; நம் பெண்கள் முகமூடியும் கையுறையும் அணிந்து ஷிப்டு ஷிப்டாக நின்று செய்த பொருள்கள் உலகமெங்கும் போயின. மலேசியச் சீட்டு ஒட்டிய தட்டு பழுதாகவே இருந்தாலும் நான் வாங்கிவிடுவேன். நீங்களும் ஒன்று வாங்கி அம்மாவிடம் காட்டுங்கள். எந்த வேலையை யார் செய்தார்கள் என்று அவர் சொல்வதை எழுதி வையுங்கள். அதை எழுதி வைத்தவர்கள் மிகக் குறைவு.

ஈப்போவிலிருந்து: 40 மெகாபைட் தட்டு, டாஸ் 3.3 இயங்குதளம். முப்பத்திரண்டுக்கு மேல் ஏற்கவில்லை.

3.3-ல் ஒரு பகுதிக்கு 32 மெகாபைட்தான் எல்லை. இரண்டாகப் பிரியுங்கள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து: 486 கணினிக்கு ஐடிஈ வகைத் தட்டு வாங்கினேன். லோ லெவல் ஃபார்மேட் செய்து (தடங்களையும் செக்டார்களையும் புதிதாக எழுதி) சுத்தமாக்கிவிட்டுத் தொடங்கலாமா?

வேண்டாம். ஐடிஈயில் கண்ட்ரோலர் தட்டின் மேலேயே இருக்கிறது. அந்த வேலை ஆலையிலேயே முடிந்துவிட்டது. கணினி தொடங்கும்போது ஓடும் பயாஸில், எண்களை நாமே கொடுக்கும் வகையை (பெரும்பாலும் 47-ஆம் வகை) தேர்ந்து, சீட்டில் உள்ள எண்களைக் கொடுங்கள். பழைய பயாஸ் 1024 சிலிண்டர், 16 தலை, 63 செக்டாரோடு நின்றுவிடும். அதாவது 528 மில்லியன் பைட். 1 கிகாபைட் தட்டுக்குக் கூடுதல் பணம் கொடுத்துப் பாதியை இழக்காதீர்கள்.

சுபாங்கிலிருந்து: என் மடிக்கணினிக்கு எந்த எஸ்எஸ்டி நல்லது?

அது என் துறை அல்ல. கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் கேளுங்கள்.

பிறையிலிருந்து: தட்டு மட்டும் 90 வெள்ளி, அட்டையை வேறொருவர் 70-க்குத் தருகிறார். சேர்த்தால் ஓடுமா?

புதிதாக லோ லெவல் ஃபார்மேட் செய்தால் ஓடக்கூடும். உள்ளே இருந்தவை போய்விடும். அதற்கு முன் 90 கேட்பவரிடம், இந்தத் தட்டு எந்த அட்டையோடு இருந்தது, அந்த அட்டை இப்போது எங்கே என்று விசாரியுங்கள். கிடைத்தால் அதையே வாங்குங்கள், 70-க்கு மேலானாலும்.