ஜெபர்சனின் தாள்கள்: கேள்வியும் பதிலும்

கேள்வி: ஐயா, அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை வரைந்த, பின்னர் அதிபரான தாமஸ் ஜெபர்சன் எழுதிய கடிதங்கள் யாருக்கு எழுதப்பட்டனவோ அவர்களிடமே போய்விட்டிருக்கும். பிறகு அவரிடமே எப்படிப் படிகள் இருந்தன?

பதில்: 1770இல் அவர் குடும்பத்தின் ஷாட்வெல் வீடு எரிந்தபோது அவருடைய தாள்களும் நூல்களும் பெரும்பாலும் அழிந்தன. பின்னாளில், எழுதிய கடிதத்தின்மேல் மெல்லிய ஈரத்தாளை வைத்து அழுத்திப் படியெடுத்தார். 1804 முதல் பாலிகிராப் என்ற கருவிக்கு மாறினார். கையிலுள்ள பேனா நகர நகர, அதனோடு பிணைத்த இன்னொரு பேனா பக்கத்துத் தாளில் அதே வரியை எழுதும். வந்த கடிதம், போன கடிதம் இரண்டையும் 1783 முதல் 1826இல் இறக்கும்வரை ஒரு பதிவேட்டில் குறித்தும் வந்தார்.

கேள்வி: விடுதலைப் பிரகடன வரைவில் அவர் ஒரு சொல்லை அழித்தாராமே?

பதில்: உண்மைதான். வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்திலுள்ள அந்த வரைவில், மன்னருக்குக் கட்டுப்பட்ட குடிகள் என்னும் பொருள்தரும் சொல்லை முதலில் எழுதி, மை ஈரமாக இருக்கும்போதே துடைத்து, அதே இடத்தில் ‘குடிமக்கள்’ என்ற பொருளுடைய சொல்லை எழுதினார். மற்ற திருத்தங்களையெல்லாம் கோடிட்டு அடித்தவர், இதை மட்டும் கண்ணில் படாதபடி மறைத்திருக்கிறார். 2010இல் பல ஒளி அலைநீளங்களில் படமெடுத்தபோதுதான் அடியிலிருந்த எழுத்துகள் தெரிந்தன. அந்த வாக்கியம் இறுதிப் பிரகடனத்தில் இல்லை; ஆயினும் ஒரு நாடு பிறந்த கணத்தை நான் அந்த மைக்கறையில்தான் காண்கிறேன்.

கேள்வி: அலுவல் தாள்களும் சொந்தத் தாள்களும் ஏன் வெவ்வேறு ஊர்களில் இருக்கின்றன?

பதில்: தாள்கள் அனைத்தும் உயிலின்படி பேரன் தாமஸ் ஜெபர்சன் ராண்டால்பிடம் சேர்ந்தன. 1848இல் அரசு 20,000 டாலருக்கு அவற்றை வாங்கி, அரசு தொடர்பானவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பின்னர் குடும்பத்துக்குத் திருப்பியது. அப்படித் திரும்பியவற்றில் பெரும்பகுதி 1898இல் பாஸ்டனிலுள்ள மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்துக்குப் போயிற்று. இந்தப் பிரிப்பு தவறு என்பதே என் கருத்து. தம்மிடம் அடிமைகளாக இருந்தவர்களின் பெயர்களையும் அவர்களுக்குக் கொடுத்த போர்வைகளையும் அவரே குறித்த பண்ணைக் கணக்கேடு பாஸ்டனில் இருக்க, மனிதர் யாவரும் சமம் என்றெழுதிய வரைவு வாஷிங்டனில் இருக்கிறது. இரண்டும் ஒரே கையெழுத்து; அருகருகே வைத்துப் படிக்க வேண்டியவை.

கேள்வி: மனைவிக்கு எழுதிய கடிதங்கள் உண்டா?

பதில்: ஒன்றுகூட எஞ்சவில்லை. மார்த்தா 1782இல் இறந்தார். ஒரு நாவலின் சில வரிகளை மார்த்தா எழுதத் தொடங்கி ஜெபர்சன் முடித்த சிறு தாள் ஒன்று மட்டும் இருக்கிறது. அதை மடித்து, உள்ளே ஒரு முடிக்கற்றையை ஜெபர்சன் வைத்திருந்தார்.