லோட் ஆகும்போதே ஓடிருது தம்பி – வாசகர் கடிதம்

அண்ணா வணக்கம். ப்ரவுசருக்கு வெளிய ஜாவாஸ்க்ரிப்ட் ஓட்டுற நோட்ஜேஎஸ்ல வேலை பாக்குறேன். யூசர் ஃபைல்ல இருக்கற ஒரு ஃபங்ஷனை ஆர்டர் ஃபைல்ல எடுத்தா அன்டிஃபைன்டுன்னு (அப்படி ஒண்ணு இல்லன்னு) வருது, வெளிய குடுக்கற எக்ஸ்போர்ட் எல்லாம் சரியாத்தான் இருக்கு. எந்த ஃபைல் எதை இழுக்குதுன்னு காட்டுற மேட்ஜ் டூலைப் போட்டு படம் வரைஞ்சா சிலந்தி வலை மாதிரி வந்து நிக்குது. எது எதை லோட் பண்ணுதுன்னு பாக்க நல்ல டூல் ஒண்ணு சொல்லுங்க. ஒரு ஃபைலை இன்னொண்ணுல எடுக்கற ரிக்வயரை எல்லாம் புது முறையான இம்போர்ட்டா மாத்திடலாமா?

*

தம்பி,

நானும் கொஞ்ச நாளா இதையேதான் யோசிச்சிட்டு இருந்தேன், அதான் உடனே எழுதுறேன். ஆனா எடுத்த எடுப்புல டூல் பேர் கேக்குறீங்க பாருங்க, அது எனக்குப் பிடிக்கல. மேட்ஜ் ஃபைலைப் படிச்சு படம் வரையுது, ப்ரோக்ராமை ஓட்டிப் பாக்கறதில்ல. எது முதல்ல ஓடுச்சு, எது பாதியில நின்னுச்சுன்னு அந்தப் படம் எப்படிச் சொல்லும்?

ரிக்வயர்னா ஃபைலைச் சேக்கறதுன்னு நினைச்சிட்டு இருக்கோம். இல்ல தம்பி, முதல் தடவை கேக்கறப்பவே அந்த ஃபைல் மேலேர்ந்து கீழ வரைக்கும் ஓடுது. முதல் வேலை பாத்த இடத்துல ஒருநாள் திடீர்னு பில்லுல எல்லாம் ஒரு சாமான் கூடுதலா வர ஆரம்பிச்சுது, நாங்க ஒரு வரி கூட மாத்தல. எங்க சீனியர் அக்கா ஒருத்தங்க பக்கத்துல உக்காந்து, ஒவ்வொரு ரிக்வயரும் உள்ள போற மாட்யூல்._லோட் ஃபங்ஷனைப் பிடிச்சு அதுக்கு மேல சொந்தமா ஒண்ணு போத்தி, யார் கூப்பிடுறா, எதைக் கூப்பிடுறா, எத்தனாவது ஆழம்னு உள்ளே தள்ளித் தள்ளி ப்ரிண்ட் பண்ண வச்சாங்க. பத்து வரி கோட் இருக்குமா, அவ்ளோதான். பாத்தா நாங்க போட்ட பேக்கேஜ் லிஸ்டான பேக்கேஜ்.ஜேசன்ல பேரே இல்லாத ஒண்ணு, நாங்க போட்ட பேக்கேஜோட பேக்கேஜுக்கு அடியில இருந்து வந்து, லோட் ஆகும்போதே எல்லா அரேவுக்கும் (வரிசைக்கும்) பொதுவான அரே ப்ரோட்டோடைப்புல ஒரு ஃபங்ஷனை ஒட்டிட்டுப் போயிருக்கு. எங்க ஃபார்-இன் லூப் அதையும் ஒரு சாமானா எண்ணிருக்கு. அந்த அக்கா இல்லைன்னா நான் இன்னிக்கும் படத்தைத்தான் வெறிச்சுப் பாத்துட்டு இருப்பேன்.

2018ல ஈவென்ட்-ஸ்ட்ரீம்ங்கற பேக்கேஜ்ல நடந்ததும் இதேதான். பராமரிப்பு புது ஆள் கைக்குப் போச்சு, அவர் ஃப்ளாட்மேப்-ஸ்ட்ரீம்னு ஒண்ணை உள்ள சேத்தார், அதுக்குள்ள கோப்பேங்கற பிட்காயின் வாலட்டைக் குறி வச்ச திருட்டு கோட். யாரும் அந்த ஃபங்ஷனைக் கூப்பிடவே வேண்டாம், ரிக்வயர் ஆனாலே ஓடும். எத்தனை பேர் அந்தப் பேக்கேஜைத் தெரிஞ்சு போட்டாங்கன்னு நினைக்கிறீங்க? நாம எழுதின லிஸ்ட் வேற, உண்மையில ஓடினவங்க லிஸ்ட் வேற தம்பி. இதை நான் எத்தனை தடவை வேணா சொல்லுவேன்.

உங்க அன்டிஃபைன்டு: யூசர் ஆர்டரைக் கூப்பிடுது, ஆர்டர் திரும்ப யூசரைக் கூப்பிடுது, இல்லையா? மாட்யூல், அதாவது ஒரு ஃபைல், ஓடறதுக்கு முன்னாடியே கேஷ்ல (ஞாபக லிஸ்ட்ல) ஏறிடும், அதனால ஆர்டருக்குப் பாதி நிரம்பின எக்ஸ்போர்ட்ஸ்தான் கிடைக்கும். நீங்க கடைசி வரியில மாட்யூல்.எக்ஸ்போர்ட்ஸுக்குப் புது ஆப்ஜெக்ட் போட்டா ஆர்டர் கையில பழைய காலி ஆப்ஜெக்டே தங்கிடும். ரெண்டு பேருக்கும் பொதுவானதைத் தனி ஃபைலுக்கு எடுங்க.

இம்போர்ட்டா மாத்தறதைப் பத்தி இப்ப பேச வேண்டாம், ஒண்ணை ஒண்ணு கூப்பிட்டுச் சுத்தி வர்றது அங்கயும் இருக்கும். லோட் ஆகும்போதே தொட்டா கான்ஸ்ட்னு அறிவிச்சதுக்கு ரெஃபரன்ஸ் எரர் வரும்.

இன்னிக்கு ராத்திரியே அந்தப் பத்து வரியை எழுதி ஓட்டுங்க. வர்ற லிஸ்ட்ல நீங்க கேள்வியே படாத பேர் எது இருந்தாலும், அந்த ஃபைலைத் திறந்து முழுசாப் படிச்சிட்டு எனக்கு எழுதுங்க.